உச்சவரம்பும் பினாமிகளும்: பனி ஹாக்கியின் சம்பளக் கணக்கு

2021 அக்டோபர் 16, சனிக்கிழமை. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி சொந்த ஊரில் ஒட்டாவாவோடு ஆடுகிறது. அணியின் இரண்டு கோல்கீப்பர்களில் ஒருவருக்கு இரண்டு நாள் முன்னால் அடிபட்டுவிட்டது. பெஞ்சில் மாற்று கோல்கீப்பர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார்ந்தார். டொராண்டோ பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மாணவர்! அமெச்சூர் ஒப்பந்தம். அணியின் சம்பளக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்.

ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா பையன் ஆட்டம் முடிந்ததும் போன் பண்ணினான். எனக்கு ஞாயிறு காலை, காபி கூடக் குடித்திருக்கவில்லை. “அண்ணா, இவங்ககிட்ட இல்லாத காசா? இன்னொரு கோல்கீப்பரைக் கூப்பிட முடியலையாம். காலேஜ் பையனைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்காங்க.”

எனக்கு அப்போது பனி ஹாக்கி பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. ஹாக்கி என்றால் தியான்சந்த், மட்டை, பச்சைப்புல். ஆனால் அவன் சொன்னது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை, கணக்கு. பணம் இருக்கிறது, செலவழிக்கக் கூடாது! எது தடுக்கிறது? அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. நாலைந்து வருடமாகச் சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (இனி லீக்) 32 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு வருடத்தில் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு. ஐபிஎல் ஏலத்தில் அணிகளுக்குப் பர்ஸ் உண்டே, கிட்டத்தட்ட அதுபோல. ஆனால் ஐபிஎல் ஏலம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். இங்கே சீசனின் ஒவ்வொரு நாளும் ஏல நாள்தான். அணியில் அதிகபட்சம் 23 பேர். ஒவ்வொருவரின் சம்பளமும் நாள்கூலி போல நாள்தோறும் கணக்கில் ஏறும். ஒருவர் மூன்று நாள் அணியில் இருந்தால் மூன்று நாள் கணக்கு. இன்று கொஞ்சம் மிச்சம் பிடித்தால் அது சேர்ந்துகொண்டே போகும், பிடியரிசி மாதிரி. சீசனின் முக்கால்வாசி கழிந்தபின் அந்தச் சேமிப்பை வைத்து ஒரு பெரிய நட்சத்திரத்தையே வாங்கிவிடலாம். அவருடைய சம்பளத்தில் மீதமுள்ள கால்வாசி நாட்கள்தானே நம் கணக்கில் ஏறப் போகிறது?

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கூத்துக்கெல்லாம் இதுதான் மூலம். ஒரு வீரருக்கு இந்த வருடம் கையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை உச்சவரம்பு பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியைத்தான் பார்க்கும். கையில் போவது ஒன்று, ஏட்டில் ஏறுவது இன்னொன்று.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘உச்சவரம்பு’ என்று காதில் விழுந்ததும் அடுத்து வாயில் வரும் சொல் ‘பினாமி’. 1961-ல் 30 தரநிலை ஏக்கர் என்றார்கள், 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். நிலம் மைத்துனன் பேருக்குப் போனது, பண்ணையாள் பேருக்குப் போனது, பல இடங்களில் அறக்கட்டளைப் பேருக்கும் போனது. வயலில் அறுத்தது பழைய கைதான். அதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பனி ஹாக்கியிலும் அப்படியே நடந்தது, பெயர்களும் தேதிகளும் உள்ள ஆவணங்களோடு.

வரலாற்றுக்கு வருவோம். சம்பளத்துக்கு வரம்பு கட்டும் யோசனை ஏதோ நவீன மேலாண்மைக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. 1930களின் பெருமந்தத்திலேயே லீக் அதைச் செய்தது. ஓர் அணிக்கு மொத்தம் 62,500 டாலர், ஒரு வீரருக்கு அதிகபட்சம் 7,000 டாலர் என்று இறக்கினார்கள். கட்டுப்படியாகாமல் சில அணிகள் நட்சத்திர வீரர்களை விற்றன. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு அப்படி எழுத்தில் ஒரு வரம்பு தேவைப்படவே இல்லை. வீரருக்குப் போக்கிடம் இல்லை என்பதுதான் காரணம். ஓர் அணியில் கையெழுத்துப் போட்டால் அந்த அணி விடும்வரை அதற்குச் சொந்தம்.

1957-ல் டெட் லிண்ட்சே என்ற டெட்ராய்ட் நட்சத்திரம் சங்கம் கட்டப் பார்த்தார். அந்த ஆண்டே அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு அது கடைசி இடத்தில் கிடந்த அணி. சங்கம் பிறக்க இன்னும் பத்து ஆண்டு ஆனது. அதே டெட்ராய்ட்டில் கார்டி ஹோவ், ஹாக்கியின் தெய்வம் என்றே சொல்லலாம், தன்னைவிடச் சாதாரணமான சக வீரர் பாப் பான் தன்னைவிட அதிகம் வாங்குகிறார் என்பதை 1960களின் கடைசியில், அந்த பான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். யாருக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது என்பதே முதலாளிகளின் முதல் உச்சவரம்பு. என் கருத்து இது.

பிறகு சங்கம் வலுவானது, சம்பளங்கள் வெளியே தெரிந்தன, ஏறின. 1994-ல் முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். பாதி சீசன் போனது, ஆனால் அணிகளுக்கு வரம்பு கிடைக்கவில்லை. பத்தாண்டு காத்திருந்து 2004 செப்டம்பரில் மறுபடி கதவடைத்தார்கள். இந்த முறை தயாரிப்போடு. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் லெவிட்டைக் கொண்டு ஓர் அறிக்கை வாங்கியிருந்தார்கள். 2002-03 சீசனில் லீக்குக்கு 27.3 கோடி டாலர் நஷ்டம், வருமானத்தில் 75 சதவீதம் வீரர்களுக்கே போகிறது என்றது அது. சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2004 டிசம்பரில் சங்கம் தானாகவே இறங்கி வந்து, இருக்கும் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் 24 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம், வரம்பு மட்டும் வேண்டாம் என்றது. லீக்கின் ஆணையர் கேரி பெட்மன் மசியவில்லை. 2005 பிப்ரவரி 16-ல் சீசனே ரத்து. 1,230 ஆட்டங்கள். 1919-ல் ஸ்பானிஷ் ஃப்ளூவால் இறுதிப்போட்டி பாதியில் நின்ற பிறகு, ஸ்டான்லி கோப்பை யாருக்கும் வழங்கப்படாத ஒரே ஆண்டு 2005.

ஜூலையில் சங்கம் பணிந்தது. வரம்பும் வந்தது, தாமாகத் தருவதாகச் சொன்ன அந்த 24 சதவீத வெட்டும் கூடவே வந்தது! 2005-06-க்கு உச்சவரம்பு 3.9 கோடி டாலர். கூடவே ஒரு கீழ்வரம்பும்: 2.15 கோடிக்குக் குறையக் கூடாது. ஏழை அணிகளைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்றார்கள். எனக்கு இங்கே ஒரு சந்தேகம் உண்டு. கதவடைப்புக்கு முன் கொட்டிச் செலவழித்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் 1998 தொடங்கி ஏழு சீசன் தொடர்ந்து பிளேஆஃபுக்கே போகவில்லை. 2003-04-ல் அதன் சம்பளச் செலவு 7 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் ஆடிய டாம்பா பே, கால்கரி இரண்டுமே சிக்கன அணிகள். பணத்தால் கோப்பை வாங்க முடிந்திருந்தால் ரேஞ்சர்ஸ் அலமாரி நிறைந்திருக்கும். முதலாளிகள் பயந்தது பக்கத்து முதலாளியின் ஊதாரித்தனத்துக்கு. தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளத் தெரியாமல், அதற்கு வீரர்களின் கையெழுத்தை வாங்கினார்கள்.

சரி, கட்டியாகிவிட்டது. ஆனால் வரம்பு வருமானத்தோடு பிணைக்கப்பட்டது. வருமானம் ஏற ஏற அதுவும் ஏறியது. மூன்றே ஆண்டில், 2008-09-ல், வரம்பு 5.67 கோடி. வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டின் கீழ்வரம்பு 4.07 கோடி, 2005-ன் உச்சவரம்பைவிட அதிகம்! ஏழை அணியைக் காக்க வந்த சட்டம் ஏழை அணியைப் பார்த்து “செலவழி” என்று மிரட்டத் தொடங்கியது.

அந்தக் கோடையில், அதாவது 2008 ஜூலையில், ரேஞ்சர்ஸ் வேட் ரெடன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு ஆறு ஆண்டுக்கு 3.9 கோடி டாலர் கொடுத்தது. ஆமாம், 2005-ல் ஓர் அணி முழுவதுக்கும் வரம்பு எவ்வளவோ அதே தொகை. ரெடன் ஒட்டாவாவில் பதினோரு சீசன் ஆடிப் பெயரெடுத்தவர்; கனடாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர். நியூயார்க்கில் சோபிக்கவில்லை. ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் ஏட்டில் குந்திக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது? அன்றைய விதியில் ஒரு சந்து இருந்தது: வீரரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பினால் அவர் சம்பளம் உச்சவரம்புக் கணக்கில் வராது. 2010-ல் அனுப்பினார்கள். கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டில், பத்தொன்பது இருபது வயதுப் பையன்களோடு இரண்டு முழு சீசன் ஆடினார் ரெடன். சம்பளம் ஒரு பைசா குறையாமல் வந்தது. அவர் வரவில்லை, அவ்வளவுதான். உடம்பு நல்லாயிருக்கிறது, ஆட முடிகிறது, ஆனால் மேலே கூப்பிட்டால் ஏடு நிரம்பிவிடும். பணம் வாங்கிக்கொண்டு சும்மாவா இருந்தார் என்று கேட்கலாம். ஆனால் ஓர் ஆட்டக்காரனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பார்க்கிறேன். 2013-ல் புது ஒப்பந்தம் வந்தபோது அந்தச் சந்தைப் பெரும்பாலும் அடைத்தார்கள். கீழே அனுப்பினாலும் குறைந்தபட்சச் சம்பளமும் அதற்கு மேல் 3,75,000 டாலரும் மட்டுமே கழியும், மிச்சம் ஏட்டிலேயே நிற்கும்.

அடுத்த சந்து வகுத்தல் கணக்கில். சராசரிதானே பார்க்கிறீர்கள்? அப்படியானால் வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கு! 2009-ல் வான்கூவர் அணி கோல்கீப்பர் ராபர்ட்டோ லுவாங்கோவுக்கு 12 ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் என்று எழுதியது. சராசரி 53 லட்சம். ஆனால் முதல் ஆண்டில் மட்டும் கையில் ஒரு கோடி. கடைசி இரண்டு ஆண்டில் பத்துப் பத்து லட்சம். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 43 வயது. அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் ஆட மாட்டார் என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அவை ஆண்டுகளே அல்ல, வகுக்கும் எண்ணில் சேர்த்த பூசணிக்காய்கள்.

இதன் உச்சம் 2010 ஜூலையில் நியூஜெர்சி டெவில்ஸ் இலியா கோவல்சுக்கோடு போட்டது. 17 ஆண்டு, 10.2 கோடி டாலர். முடியும்போது அவருக்கு வயது 44. கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு வெறும் ஐந்தரை லட்சம். லீக் இதை ஏற்க மறுத்தது. சங்கம் வழக்காட, ரிச்சர்ட் பிளாக் என்ற தீர்ப்பாளர் லீக் பக்கமே தீர்ப்பளித்தார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்தி எழுதி அனுமதி வாங்கினார்கள். டெவில்ஸுக்கு 30 லட்சம் டாலர் அபராதமும் டிராஃப்ட் உரிமை இழப்பும் வந்தன. பின்னாளில் அதைத் தளர்த்தினார்கள், அது வேறு கதை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அந்த அக்டோபரில் நடந்தது. கோவல்சுக்கை உள்ளே கொண்டுவந்ததில் டெவில்ஸின் ஏடு விளிம்புவரை நிரம்பிவிட்டது. சீசன் தொடங்கிய நாலாம் நாளே இரண்டு பேருக்குக் காயம், ஒருவருக்குத் தடை. மாற்று ஆளைக் கூப்பிட ஏட்டில் இடமில்லை. 2010 அக்டோபர் 11 அன்று பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 18 பேர் இறங்க வேண்டிய இடத்தில் 15 பேரோடு ஆடினார்கள், தோற்றார்கள். பனி ஹாக்கியில் ஒருவர் முக்கால் நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்கும், உடனே ஆள் மாற்ற வேண்டும். மூன்று பேர் குறைவு என்பது எவ்வளவு பெரிய குறை என்று இதிலிருந்தே தெரியும். பத்துக் கோடிக்கு ஒப்பந்தம் போட்ட அணியால் அடிமட்டச் சம்பளத்தில் ஒருவரைக் கூட்டிவர முடியவில்லை! கோவல்சுக் 2013-லேயே ஓய்வு என்று அறிவித்துவிட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் 12 ஆண்டு மீதி.

லீக் இதை மறக்கவில்லை. 2013 ஒப்பந்தத்தில், வீரர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால், தொடக்க ஆண்டுகளில் அணி ‘சம்பாதித்த’ வித்தியாசத்தை மீதி ஆண்டுகளில் பங்கிட்டுத் தண்டமாக ஏற்றுவோம் என்று ஒரு விதி, அதுவும் பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து. லீக்கின் சம்மதத்தோடு கையெழுத்தான பத்திரத்துக்கு நாலு வருடம் கழித்து அபராதம்! நியாயமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. லுவாங்கோவை வேறு அணிக்கு விற்கப் பார்த்தார்கள், ஒப்பந்தத்தின் நீளத்தைப் பார்த்தே எல்லோரும் ஒதுங்கினார்கள். 2013 ஏப்ரலில் அவரே நிருபர்களிடம் தன் ஒப்பந்தத்தைத் திட்டித் தீர்த்தார். ஒருவழியாக அடுத்த ஆண்டு ஃபுளோரிடாவுக்குப் போனார். 2019-ல் இடுப்புவலி தாங்காமல் ஓய்வு பெற்றபோது வான்கூவரின் ஏட்டில் ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்குத் தண்டம் விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன ஆளுக்கு.

இனி பினாமிகள். கீழ்வரம்பு ஒன்று இருக்கிறது என்றேனே, பாலைவனத்தில் பனி ஹாக்கி நடத்திக்கொண்டிருந்த அரிசோனா கயோட்டிஸ் அணிக்கு அதைத் தொடுவதே பெரும்பாடு. அவர்களுக்குத் தேவை ஏட்டில் பெரிதாகவும் கையில் சிறிதாகவும் இருக்கும் ஒப்பந்தங்கள். மற்ற அணிகளிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது. 2015-ல் ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து கிரிஸ் பிராங்கரை ‘வாங்கினார்கள்’. அவர் கண்ணிலும் தலையிலும் அடிபட்டு 2011-லிருந்தே ஆடவில்லை. ஏட்டில் அவர் மதிப்பு 49 லட்சம், கையில் கொடுக்க வேண்டியது ஆறு லட்சத்துக்கும் குறைவு. அப்போது அவர் லீக்கின் சொந்த அலுவலகத்திலேயே, வீரர் பாதுகாப்புத் துறையில், வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு புகழ்மண்டபத்துக்கும் தேர்வானார். ஓய்வுபெற்ற மேதை என்று மாலை போடுகிறார்கள், ஏட்டில் அவர் அரிசோனாவின் தடுப்பாட்டக்காரர்! அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டின் பாவெல் தத்சியுக். அவர் ரஷ்யாவுக்குக் கிளம்பியாயிற்று, 75 லட்சம் ஏட்டில் நிற்கிறது. அதைச் சுமந்துகொண்டதற்கு அரிசோனாவுக்குக் கிடைத்த கூலி, டிராஃப்டில் 20-வது இடத்திலிருந்து 16-வது இடம்.

நேதன் ஹார்ட்டன் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2013-ல் கொலம்பஸ் அணி அவருக்கு ஏழு ஆண்டுக்கு 3.71 கோடி கொடுத்தது. 36 ஆட்டம் ஆடினார். முதுகெலும்பு தேய்ந்து போய் அதற்குமேல் முடியவில்லை. ஒப்பந்தத்துக்குக் காப்பீடு இல்லை, ஆடாத ஆளுக்குப் பணத்தைக் கொலம்பஸ் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் டொராண்டோ: அதே 2013 கோடையில் டேவிட் கிளார்க்சனுக்கு ஏழு ஆண்டுக்கு 3.675 கோடி கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆட்டம்தான் வரவில்லை. 2015 பிப்ரவரியில் இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். கொலம்பஸின் யோசனை: எப்படியும் பணம் போகிறது, ஆடுகிற ஒருத்தனாவது கிடைக்கட்டும். டொராண்டோவின் யோசனை: நமக்குப் பணம் பிரச்சினை இல்லை, ஏடுதான் பிரச்சினை, ஆடவே முடியாத ஆள்தான் நமக்கு வசதி. நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரை வைத்தால் அவருடைய தொகை அளவுக்கு வரம்பைத் தாண்ட அன்றைக்கு அனுமதி இருந்தது, அதனால்.

ஆக, தேய்ந்த முதுகு நல்ல உடம்பைவிட விலை உயர்ந்த சரக்கானது. ஹார்ட்டன் டொராண்டோவுக்காக ஒரு நிமிடம் கூட ஆடவில்லை. கிளார்க்சனும் பிறகு காயம்பட்டு, வேகாஸுக்குக் கைமாறி, 2019 ஜூலையில் திரும்ப டொராண்டோவுக்கே ஏட்டளவில் வந்து சேர்ந்தார். நட்சத்திரம் மிட்ச் மார்னரோடு பேரம் இழுத்துக்கொண்டிருந்த கோடை அது. சீசன் தொடங்கிய பிறகு பேரம் படிந்தாலும் அவரை நுழைக்க வழி இருக்கட்டும் என்ற முன்யோசனை என்று அப்போது பரவலாக எழுதினார்கள். ஒருவருக்குப் பதில் ஒருவராகப் போனவர்கள் இருவரும் கடைசியில் ஒரே ஏட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில்! என் தம்பிக்கு இது தெரியும், ஹார்ட்டனின் முகம் தெரியாது.

எல்லாக் காயமும் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகாகோவின் மரியான் ஹோசாவுக்கு ஆட்ட உடைகளே ஒவ்வாத தோல்நோய். 2017-க்குப் பிறகு ஆட முடியவில்லை. அவரும் 12 ஆண்டு ஒப்பந்தக்காரர் என்பதால், நோயைக் கூடச் சந்தேகப்பட்டுப் பேசினார்கள். அவருடைய ஏட்டுவரியும் கடைசியில் அரிசோனாவுக்கே போனது.

சிகாகோ என்றதும் 2010 ஞாபகம் வருகிறது. 49 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வென்றார்கள், சில வாரத்தில் அந்த அணியே கலைந்தது. அதற்கு ஒரு காரணம் எழுத்தர் வேலையில் நேர்ந்த பிழை: 2009 கோடையில் இளம் வீரர்களுக்கு அனுப்ப வேண்டிய ஒப்பந்த நீட்டிப்புக் கடிதங்கள் கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தன. அவர்களை இழக்காமலிருக்க அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டியதாயிற்று, பொது மேலாளர் டேல் டாலன் பதவி இழந்தார். ஜெயித்த பிறகு ஊக்கத்தொகைகளும் ஏட்டில் ஏறின. பிளேஆஃபில் 11 கோல் அடித்த டஸ்டின் பஃப்ளின் போனார், ஆண்ட்ரூ லாட் போனார், கிரிஸ் வெர்ஸ்டீக் போனார். சான் ஹோசே அணி நிக்லஸ் யால்மர்சனுக்கு நாலு ஆண்டுக்கு 1.4 கோடி என்று வலை வீசியது. சிகாகோ அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்தது. அதில் இருந்த கொஞ்ச இடமும் போய், கோப்பை வென்ற கோல்கீப்பர் ஆன்டி நியெமிக்குத் தீர்ப்பாளர் விதித்த 27.5 லட்சத்தைக் கொடுக்க முடியாமல் விட்டார்கள். நியெமி நேரே போய்ச் சேர்ந்த இடம் சான் ஹோசே. திட்டமிட்டதோ இல்லையோ, சதுரங்கத்தில் இதை நல்ல காய்நகர்த்தல் என்போம்.

கடைசிப் பெரிய சந்து பிளேஆஃப். வீரர்களின் சம்பளம் சீசன் நாட்களுக்குத்தான். பிளேஆஃபில் சம்பள நாட்கள் இல்லை, ஆகவே ஏடும் இல்லை, வரம்பும் இல்லை. இதை 2015-ல் சிகாகோ பேட்ரிக் கேனின் உடைந்த காறையெலும்பு வழியாகக் காட்டியது. முழுசாகப் பயன்படுத்தியது டாம்பா பே. 2020 டிசம்பரில் நிகிதா குச்செரோவுக்கு இடுப்பில் அறுவை. கொரோனாவால் 56 ஆட்டமாகச் சுருங்கிய சீசன் முழுவதும் அவர் இல்லை. கூடவே, இனி ஆட வாய்ப்பில்லாத இரண்டு பேரின் ஒப்பந்தங்களை ஒட்டாவாவிடமிருந்து வாங்கி, ஆடுகிற இரண்டு பேரை அங்கே தள்ளிவிட்டார்கள். பிளேஆஃபின் முதல் ஆட்டத்தன்று குச்செரோவ் குணமாகி வந்தார். 23 ஆட்டத்தில் 32 புள்ளி. கோப்பை. வரம்பு 8.15 கோடி, களத்தில் இருந்த அணியின் மதிப்பு அதைவிட சுமார் 1.8 கோடி அதிகம். லீக் பார்த்துவிட்டு விதிமீறல் எதுவும் இல்லை என்றது. குச்செரோவ் கோப்பைக் கொண்டாட்டத்தில் போட்டிருந்த டி-சர்ட்டில் எழுதியிருந்தது: வரம்புக்கு மேல் 1.8 கோடி டாலர். இதற்குமேல் ஓர் ஆவணம் எனக்குத் தேவையில்லை.

2023-ல் வேகாஸின் மார்க் ஸ்டோன் முதுகு அறுவை முடிந்து அதே மாதிரி முதல் பிளேஆஃப் ஆட்டத்தன்று திரும்பினார். கோப்பையை முடித்துவைத்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். 2025-ல்தான் விதி வந்தது. பிளேஆஃபிலும் களமிறங்கும் இருபது பேரின் தொகை வரம்புக்குள் இருக்க வேண்டும், 2025-26 சீசனிலிருந்து.

இந்தக் கதைகளில் வருகிறவர்கள் எல்லோருமே கோடீஸ்வரர்கள். அவர்களுக்காக நாம் அழ வேண்டாம். ஆனால் குறிப்புகளைச் சேர்க்கச் சேர்க்க என் கண் ஏட்டின் கடைசி வரிக்குப் போனது. நட்சத்திரங்கள் நாலு பேருக்குப் பாதி வரம்பு போய்விட்டால் மீதிப் பேரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிரப்ப வேண்டும். அதிலும் சேமிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்று ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆட்டம் மூன்று நாள் கழித்து. இடைப்பட்ட நாளில் ஒரு இளம் வீரரைக் காகிதத்தில் மட்டும் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பு, ஆட்டத்தன்று திரும்பக் கூப்பிடு. அவர் எங்கேயும் போவதில்லை, அதே ஊரில் அதே அறையில் இருக்கிறார். ஏட்டில் மட்டும் போய்வருகிறார். குறைந்தபட்சச் சம்பளம் 2025-26-ல் 7,75,000 டாலர், நாளுக்கு ஏறக்குறைய 4,000. இருவழி ஒப்பந்தம் என்றால் கீழே இருக்கும் நாளுக்குச் சில நூறு டாலர்தான். அணி சேர்க்கும் பிடியரிசி யார் பானையிலிருந்து எடுத்தது என்பது இப்போது புரிந்திருக்கும். மேலே நட்சத்திரத்தின் சம்பளத்தில் இதனால் குறைந்தது எதுவுமில்லை. 2025-ல் இதையும் அடைத்திருக்கிறார்கள்: அனுப்பினால் அங்கே ஓர் ஆட்டமாவது ஆடிவிட்டுத்தான் திரும்ப முடியும்.

வரம்பு இப்போது வேகமாக ஏறுகிறது. 2025-26-க்கு 9.55 கோடி, அடுத்த ஆண்டுக்கு 10.4, அதற்கடுத்து 11.35. இடம் தாராளமானால் பினாமிகளுக்கு வேலை குறையலாம். நான் அவ்வளவு நம்பவில்லை.

அந்த அக்டோபர் இரவில் மாணவர் களமிறங்க வேண்டி வரவில்லை. டொராண்டோ ஜெயித்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். மறுபடி டொராண்டோ, மறுபடி காயம், மறுபடி ஏட்டில் இடமில்லை, பெஞ்சில் மறுபடி ஓர் அமெச்சூர் கோல்கீப்பர். மான்ட்ரியாலுக்கு எதிரான ஆட்டம் கைக்குள் வந்தாயிற்று. பயிற்சியாளர் அவரை இறக்கிவிட்டார். ஒரு நிமிடம் பத்து விநாடி. அரங்கில் இருந்த டொராண்டோ ரசிகர்கள் எழுந்து கத்துகிறார்கள்.

“இதையும் குறிச்சு வெச்சுக்கோங்க அண்ணா” என்று கீழே எழுதியிருந்தான். வைத்துக்கொண்டேன்.